வக்கீல் கடிதம் வந்துவிட்டது, ஆப்பை மூடிவிடவா?

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. கோவிலில் காவடிக்கும் அன்னதானத்துக்கும் அபிஷேகத்துக்கும் முன்கூட்டியே பெயர் கொடுக்க ஒரு ஆப் செய்திருக்கிறார். பெயர் கொடுத்தால் நேரமும் ஒரு எண்ணும் குறுஞ்செய்தியில் வரும். அதிலேயே தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டுப் பழகத் தேவாரப் பதிவுகளும் உண்டு. மூன்று கோவில்கள் பயன்படுத்தத் தொடங்கியதும் மூன்று தலைவலி சேர்ந்தே வந்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கம்பெனி ஒன்று, "இந்த முறைக்கு எங்களிடம் பேட்டன்ட் இருக்கிறது, பதினான்கு நாளில் நிறுத்து அல்லது பணம் கட்டு" என்று வக்கீல் மூலம் எழுதியிருக்கிறது. பாதி நிரலை எழுதிக் கொடுத்த நண்பர் மனம் கசந்து, "கோடிங் என்னுடையது, எடுத்துக்கொண்டு போகிறேன்" என்கிறார். தேவாரப் பதிவுகளில் நான்கை யாரோ புகார் கொடுத்து நீக்கவைத்துவிட்டார்கள். "ஆப்பை மூடிவிடவா அண்ணா, இல்லை நானும் ஒரு பேட்டன்ட் எடுத்துவிடவா? இது சட்டமா, வழிப்பறியா?"

தம்பி, உன் அப்பாவை எனக்கு ரொம்ப வருடமாகத் தெரியும் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். பதினான்கு நாள் என்பது அவர்கள் போட்ட கெடு, சட்டம் போட்டதில்லை. மூடாதே, பணமும் கட்டாதே. பதிலை இன்றைக்கே எழுதாதே, அதிலும் ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் எழுதவே எழுதாதே. நான் வக்கீல் இல்லை. டர்பனில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் கடையும் மென்பொருளுமாகப் பிழைக்கிறவன். இதே மாதிரிக் கடிதம் இரண்டு வாங்கியவன்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்ப் பத்திரிகைகளில் "காப்புரிமை" என்று போட்டிருந்தால் அது பேட்டன்டா, காப்பிரைட்டா என்று செய்தியைப் பாதி படித்த பிறகுதான் தெரியும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்கிப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு வேறு பிராணிகள். காப்பிரைட் தானாக வரும். நீ எழுதிச் சேமித்த நொடியில் உனக்கு உண்டு, பதிய வேண்டாம், காசு வேண்டாம். அது காப்பது நீ எழுதிய வரிகளை. அதே வேலையை வேறொருவர் தன் வரிகளில் எழுதினால் உன்னால் கேட்க முடியாது. பேட்டன்ட் கேட்டு வாங்குவது, 20 வருடம் நிற்கும், செய்யும் முறையையே பிடித்துக்கொள்ளும். உன் வரிகள் முழுக்க உன்னுடையவை என்றாலும், அடுத்தவர் பெயரே தெரியாமல் நீ தனியே யோசித்திருந்தாலும், அது செல்லுபடியாகும். எங்களைப் போன்றவர்களின் எரிச்சல் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கிறது. திருடவில்லை என்று சத்தியம் செய்தாலும் பேட்டன்டில் அது பதில் ஆகாது.

இனி உன் கடிதம். அதில் ஒரு பேட்டன்ட் எண் இருக்கிறது, கடிதத் தலைப்பு கனமான தாளில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நீ பயந்திருக்கிறாய். தென்னாப்பிரிக்கப் பேட்டன்ட் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரு பரிசோதகர் உட்கார்ந்து, இது புதியதா, இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, ஆட்சேபம் எழுதி, பதில் வாங்கி, அப்புறம்தான் தருவார். இங்கே வழிவழியாக அந்த வேலையே நடந்ததில்லை. பிரிட்டோரியாவில் பேட்டன்ட் பதியும் சிஐபிசி அலுவலகம் பார்த்துவந்தது படிவம் சரியா, கையெழுத்து இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா என்பதை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கூட நோட்டைத் திருப்பிப் பார்ப்பார். தற்காலிக விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் நான் பார்த்தபோது 60 ராண்ட். ரொட்டிக்குள் கறி வைத்த ஒரு பன்னி சௌ வாங்கவே அதைவிடக் கூட ஆகும். முறையான பரிசோதனை கொண்டுவர வேண்டும் என்று 2018இல் அமைச்சரவை ஒரு கொள்கையை ஏற்றது, பரிசோதகர்களுக்குப் பயிற்சியும் நடந்தது. ஆனால் உன்னிடம் வந்திருப்பது 2016இல் விண்ணப்பித்த பேட்டன்ட். அதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை என்றே வைத்துக்கொள்.

நம்பிக்கை இல்லையென்றால் டாபஸ் கதையைக் கேள். டாபஸ் என்பது அமெரிக்கர் ஸ்டீபன் தாலர் செய்த ஒரு செயற்கை அறிவு இயந்திரம். "இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் இயந்திரம்" என்று சொல்லி உணவுப் பாத்திரம் ஒன்றுக்குப் பல நாடுகளில் விண்ணப்பம் போட்டார். கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய அலுவலகமும் கதவைச் சாத்தின. 2021 ஜூலையில் உலகத்திலேயே முதலாவதாகக் கொடுத்தது நாம்தான். சில பத்திரிகைகள் தென்னாப்பிரிக்காவின் துணிச்சல் என்று எழுதின. துணிச்சலும் இல்லை, தொலைநோக்கும் இல்லை. படிவத்தில் கட்டம் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நம் சட்டமே என்ன சொல்கிறது பார். 1978ஆம் வருடத்துப் பேட்டன்ட் சட்டம், 25ஆம் பிரிவு. கணித முறை, வணிகம் செய்யும் முறை, விளையாட்டு விதி, கணினி நிரல் இவையெல்லாம் கண்டுபிடிப்பே இல்லை என்று பச்சையாக எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் உன் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் அடுத்த உட்பிரிவில் வரும் ஒரு வால்: அந்த விலக்கு "அந்தப் பொருள் அதுவாகவே" கேட்கப்படும் அளவுக்கு மட்டும்தான். ஐரோப்பியப் பேட்டன்ட் உடன்படிக்கையிலும் இதே வால் உண்டு. நிரலை நிரல் என்று கேட்டால் கிடைக்காது. செயலியும் நினைவகமும் சர்வரும் கொண்ட "அமைப்பு" என்று கேட்டால் கிடைக்கும் என்று வக்கீல்கள் கண்டுகொண்டார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் யானையே உள்ளே போகிறது.

அந்தப் பேட்டன்டை எடுத்து, கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக் கோரல்களை மட்டும் படி. மற்றது எல்லாம் அலங்காரம். அந்தப் பாஷை எப்படி இருக்கும் என்று உனக்குக் காட்டத் தமிழிலேயே ஒன்று எழுதிப் பார்க்கிறேன்: "பயனரின் கையடக்கக் கருவியிலிருந்து வலையமைப்பு வழியே ஒரு கோரிக்கையைப் பெறும் பெறுவகை, அக்கோரிக்கையை எஞ்சியுள்ள கால இடைவெளிகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் செயலி, ஒதுக்கப்பட்ட இடைவெளியைக் குறிக்கும் அடையாளக் குறியை அக்கருவிக்கே திருப்பி அனுப்பும் அனுப்புவகை, இவற்றைக் கொண்ட அமைப்பு." இது யார் தெரிகிறதா? காவடி அன்றைக்குக் கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து, டோக்கன் கிழித்துக் கொடுக்கும் தாத்தா. அவருக்கு ஒரு போனும் ஒரு சர்வரும் மாட்டிவிட்டால் பேட்டன்ட் ஆகிவிட்டது.

இது புதியதாக இருந்தால்தான் நிற்கும். புதியது என்றால் தென்னாப்பிரிக்காவில் மட்டும் புதியது என்று இல்லை. விண்ணப்பித்த தேதிக்கு முன் உலகத்தில் எங்கே வெளியாகியிருந்தாலும் அது பழையதுதான். இந்திய ரயில்வே 2002இலேயே இணையத்தில் முன்பதிவு தொடங்கிவிட்டது. திருப்பதியில் தரிசன நேரத்தைக் கணினியில் போட்டுக் கையில் பட்டை கட்டிவிடும் சுதர்சன டோக்கன் வந்தும் எத்தனையோ வருடம் ஆயிற்று. எந்தக் கோரலுக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்க்க வேண்டும். "போலத்தான் இருக்கிறது" என்பது போதாது. ஆனால் தேடிப் பார்க்க உன் ஊர்க்காரர்களைவிட நல்ல ஆட்கள் யார்? வரிசையில் நின்றே வளர்ந்த இனம் நாம்.

பதிவேட்டில் இன்னொன்றும் பார். அந்த எண் முழுப் பேட்டன்டா, வெறும் தற்காலிக விண்ணப்பமா? தற்காலிக விண்ணப்பத்தை வைத்து யார் மேலும் வழக்குப் போட முடியாது. முழுப் பேட்டன்டாகவே இருந்தாலும் விண்ணப்பித்து மூன்றாவது வருடத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அது செத்துப்போகும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த முதல் கடிதத்துக்கு நான் பணம் கட்டினேன். கடை ஆரம்பித்துக் கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. மனைவி பிரசவத்துக்கு நின்ற மாதம். கெட்ட கனவு ஒழியட்டும் என்று இரண்டு தவணையில் கட்டிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து வேறு விஷயமாகப் பதிவேட்டைப் பார்க்கும்போது அந்த எண் கண்ணில் பட்டது. கடிதம் எழுதிய தேதிக்கு முன்பே கட்டணம் கட்டாமல் காலாவதியாகியிருந்தது. செத்த மாட்டுக்கு நான் வைக்கோல் போட்டிருக்கிறேன்.

அப்புறம் 70ஆம் பிரிவு. இதை நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. ஆதாரம் இல்லாமல் பேட்டன்ட் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் நீதிமன்றம் போய் அந்த மிரட்டலை நிறுத்தக் கேட்கலாம், நஷ்டமும் கேட்கலாம். ஆனால் "இப்படி ஒரு பேட்டன்ட் இருக்கிறது, அறியவும்" என்று மட்டும் தெரிவித்தால் அது மிரட்டல் ஆகாது. அதனால்தான் விவரமான வக்கீல் எழுதும் கடிதம் கோவில் அறிவிப்பு மாதிரி மரியாதையாக இருக்கும். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படி. "நிறுத்து அல்லது பணம் கட்டு, இல்லையேல் வழக்கு" என்று அப்படியே இருந்தால் எழுதியவர் அவசரப்பட்டிருக்கிறார். அதை உன் வக்கீல் பார்க்கட்டும்.

இவ்வளவும் உன் பக்கம் இருந்தும் ஏன் எல்லாரும் பணம் கட்டுகிறார்கள்? பேட்டன்ட் செல்லாது என்று சொல்லி நீக்கவைக்கப் பேட்டன்ட் கமிஷனர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே அமர்வது உயர் நீதிமன்ற நீதிபதி. பேட்டன்ட் வக்கீல், அவருக்கு மேல் அட்வகேட், தொழில்நுட்ப சாட்சி என்று ஆள் ஆளாகக் கூலி. எடுக்க ஆனது சில ஆயிரம் என்றால் எடுத்துப்போட ஆவது பல லட்சம். கேட்கிறவருக்கும் இது தெரியும். அதனால் வழக்குச் செலவைவிடக் குறைவாக ஒரு தொகையைக் கேட்பார். வழிப்பறியா என்று கேட்டாயே, வழியை அடைத்திருப்பது சட்டம்தான், காசு வாங்குகிறவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. பரிசோதகர்கள் இருக்கும் அமெரிக்காவிலேயே 1999இல் அமேசானுக்கு ஒரே கிளிக்கில் வாங்குவதற்குப் பேட்டன்ட் கொடுத்தார்கள். அதை வைத்துப் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கம்பெனி மேல் தடை வாங்கியதும் அவர்கள் தங்கள் தளத்தில் வேண்டுமென்றே இன்னொரு கிளிக்கைச் சேர்த்தார்கள். வாடிக்கையாளரை ஒரு தடவை கூடுதலாக அழுத்தவைத்தால் சட்டப்படி நியாயமாகிவிட்டது! அந்தப் பேட்டன்ட் 2017 வரை உயிரோடு இருந்தது. 2014இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழைய வணிகக் கருத்தைக் கணினியில் ஏற்றியதாலேயே அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று சொன்ன பிறகுதான் இந்தக் கூத்து கொஞ்சம் அடங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலையில் மென்பொருள் பேட்டன்ட் வரைவை 648க்கு 14 என்று தூக்கியெறிந்தது. நம் அப்போதைய அமைச்சர் ஜெரால்டின் பிரேசர் மொலகேட்டி 2008இல் செனகல் நாட்டு டக்கரில் நடந்த கூட்டத்தில் மென்பொருள் பேட்டன்டைக் கடுமையாகவே பேசினார். பேச்சு நன்றாக இருந்தது.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது எந்தத் தீர்ப்பைப் படித்தும் இல்லை. 2006 வாக்கில் கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட்) ஒரு மாடிப்படிக்குக் கீழே எனக்குச் சின்னக் கடை. விண்டோஸ் வாங்கக் காசில்லாதவர்களுக்கு அதற்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுப்பேன். நம் நாட்டு வெல்கம் ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் ஆரம்பித்தது, பெயரே நம் ஊர்ச் சொல், குறுவட்டைக் கேட்டால் இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். பெட்டி பெட்டியாக வரும். மெரிபேங்கிலிருந்து ஒரு ஆயா, பேரன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைப் பக்கியில் (சின்னச் சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: செத்துப்போன கணவர் ஒரு குறுவட்டில் போட்டு வைத்திருந்த பக்திப் பாட்டெல்லாம் காலையில் கேட்க வேண்டும். உபுண்டு போட்டேன், அழகாக வந்தது. பாட்டை அழுத்தினால் "இதை இயக்கத் தேவையான கோடெக் இல்லை" என்கிறது. அந்தப் பாட்டுகள் இருந்த எம்பி3 வடிவத்துக்குப் பல நாடுகளில் பேட்டன்ட் இருந்ததால் அதை இயக்கும் நிரலை அந்தத் தட்டிலேயே சேர்த்துத் தர அவர்கள் துணியவில்லை. தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஆயா வீட்டில் ஏது இணையம்? நான் கடையில் டயல்அப் போட்டு இறக்க ஆரம்பித்தேன், டெலிபோன் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நடுவில் இரண்டு தடவை அறுந்தது. ஆயா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, பாட்டு என்கிட்டதானே இருக்கு. மிஷினும் என்னோடது. அப்ப யாருகிட்ட கேக்கணும்?"

நான் பதில் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் என்று ஆரம்பித்தால் அவர் என்னைப் பைத்தியம் என்றிருப்பார். அந்தப் பேட்டன்ட்கள் முடிந்து உரிமத் திட்டத்தையே மூடியது 2017 ஏப்ரலில். அதுவரைக்கும் ஆயா இருக்கவில்லை.

சரி, நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் பேட்டன்ட் கடிதத்தைவிட எனக்கு இதுதான் பயம். பேட்டன்ட்காரன் வெளியாள், இவன் உன் நிரலின் சாவி வைத்திருக்கிறவன்.

இங்கே காப்பிரைட் சட்டமும் 1978ஆம் வருடத்தது. அன்றைக்குக் கணினி நிரல் என்ற வகையே அதில் இல்லை. 1981இல் கேப் நீதிமன்றம் நிரலையும் ஓர் எழுத்துப் படைப்பாகப் பார்க்கலாம் என்றது. 1992 திருத்தம்தான் நிரலைத் தனி வகையாக்கியது. அப்போது ஒரு விசித்திரமான வரையறையையும் சேர்த்தார்கள்: கதைக்கு ஆசிரியர் அதை எழுதியவர், ஆனால் நிரலுக்கு ஆசிரியர் அது உருவாவதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர். விசைப்பலகையைத் தட்டியவர் என்று சட்டம் சொல்லவில்லை. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2006இல் ஹௌப்ட் வழக்கு ப்ளூம்பான்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. நிரலை எழுதியவர் வேறொருவர். ஹௌப்ட் என்ன வேண்டும் என்று சொன்னார், வந்ததைப் பார்த்தார், திருத்தச் சொன்னார், சரி என்றார். கட்டுப்பாடு அவரிடம் இருந்ததால் ஆசிரியரே அவர்தான் என்று தீர்ப்பு.

அதனால் உனக்கு வழி இருக்கிறது, ஆனால் ஆதாரம் வேண்டும். "இந்தப் பொத்தானை மேலே வை, அபிஷேகத்துக்கு ஒரு நேரத்தில் ஐந்து பேர் போதும், காவடிப் பட்டியலை ஐயர் பார்க்கிற மாதிரி செய்" என்று நீ அனுப்பிய வாட்ஸாப் செய்திகள் எல்லாம் இருக்கின்றனவா? அழித்துவிடாதே, இன்றைக்கே பிரதி எடு. மாறாக அவன் பாட்டுக்குத் தன் யோசனையில் ஒரு பகுதியைச் செய்து கொண்டுவந்து கொடுத்திருந்தால் அந்தப் பகுதி அவனுடையது என்றே ஆகலாம். அதைக் காசு கொடுத்து வாங்கினாலும் உரிமை மாற எழுத்தில் கையெழுத்து வேண்டும். "எடுத்துக்கோ மச்சான்" என்று வாயால் சொன்னால் போதாது. மூன்று பத்தியில் ஒரு தாள், இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாமல் எத்தனை கூட்டாளிகள் சம்பந்தி சண்டை மாதிரி முறைத்துக்கொண்டு திரிகிறார்கள், உனக்கே நாலு பேரைத் தெரியும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது, அது உனக்கு. நீ பகலில் ஒரு காப்புறுதி கம்பெனியில் வேலை பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையில் வேலை பார்த்த கிங் என்பவர் தன் வேலைக்கு உதவியாகத் தானே சில நிரல்கள் எழுதினார். அவர் வேலை விவரத்தில் நிரல் எழுதுவது என்று ஒரு வார்த்தை இல்லை, பெரும்பாலும் வீட்டில் வைத்துத்தான் எழுதினார். 2008இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை வேலையின் போக்கில் பிறந்தவை, உரிமை நிறுவனத்துக்கே என்றது. வேலைக்கும் நிரலுக்கும் அவ்வளவு நெருக்கம் இருந்தது காரணம். உன் வேலை காப்புறுதி, ஆப் கோவிலுக்கு. சம்பந்தம் இல்லை, தப்பித்தாய். இருந்தாலும் கம்பெனி லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதே, வேலை ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படித்துவிடு. சில ஒப்பந்தங்கள் தூக்கத்தில் கண்ட கனவையும் கேட்கும்.

தேவாரம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, அவர் வந்து ராயல்டி கேட்கப்போவதில்லை. பாட்டுக்கு உரிமை இல்லை, ஆனால் பதிவுக்கு உண்டு. நம் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான வருட முடிவிலிருந்து 50 வருடம், இந்தியாவில் 60. ஆக 1970இல் வந்த ஒரு இசைத்தட்டு இங்கே 2020 முடிவோடு விடுதலை, சென்னையில் 2030 முடிவு வரை உள்ளே. உன் ஆப்பைச் சென்னையிலும் இறக்கிக்கொள்ளலாமே, அப்போது எந்தக் கணக்கு? நீக்கப்பட்ட நான்கும் எந்த வருடத்தவை என்று பார். பிந்தியவை என்றால் எடுத்தது நியாயம்தான், சண்டைக்குப் போகாதே.

நியாயமில்லாமலும் எடுப்பார்கள், அது எனக்கே நடந்தது. நம் பிள்ளைகள் கோவில் மண்டபத்தில் ஆர்மோனியத்தோடு ஒரு பதிகம் பாடியதை என் போனில் பிடித்து இணையத்தில் ஏற்றினேன். மறுநாளே ஒரு இசைக் கம்பெனி தனக்குச் சொந்தம் என்று உரிமை கோரல். கோரியது மனிதர் இல்லை, ஒலியை ஒப்பிடும் ஒரு நிரல். அதே பதிகம், அதே பண், அதே மெட்டு என்றால் அதற்கு எல்லாம் ஒன்றுதான். மறுப்புப் படிவம் நிரப்பினேன், முப்பது நாள் கழித்துப் பதில் இல்லாமலே கோரல் விலகியது. அதற்குள் பிள்ளைகளின் பாட்டிமார் எல்லாம் என்னிடம் கேட்டாயிற்று. சட்டமாவது வாதிடலாம்; இந்த இயந்திரத்திடம் வாதிட ஆள் இல்லை.

உனக்கு நல்ல வழி சொல்கிறேன். ஓதுவார் ஒருவரை அழைத்து, கோவில் காசு கொடுத்து நீங்களே பதிவு செய்யுங்கள். நம் காப்பிரைட் சட்டத்தில் ஒலிப்பதிவைக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். கவனி, நிரலுக்கு இந்த விதி கிடையாது, ஒலிப்பதிவுக்கு உண்டு. பாடியவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள், அவருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

சொல்லும்போதே பாரதி ஞாபகம் வருகிறது. அவர் பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. தமிழ்நாட்டில் "நாட்டுடைமை" என்று ஒரு வழக்கமே அதிலிருந்து வந்தது. மென்பொருளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தால் என்ன என்று நான் நினைப்பதற்குக் காரணம் என் அலமாரியில் இருக்கும் ஒரு டப்பா. அதில் ஒரு தமிழ்ப் பள்ளியின் தொண்ணூறுகளின் ஆண்டு மலர்கள், பிளாப்பி தட்டுகளில். யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்துரு கம்பெனிக்கும் ஒரு விசை அமைப்பு. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் "அம்மா" என்ற சொல் மூன்று குறியும் ஒரு டாலர் அடையாளமுமாகத் தெரியும். அந்த எழுத்துருவைப் பூட்டோடு விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. எழுத்துருவும் ஒரு நிரல், 50 வருடம் காப்பிரைட் ஓடிக்கொண்டிருக்கும். அனுமதி கேட்க ஆள் இல்லை, பூட்டு மட்டும் இருக்கிறது. நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து குறிக்கு எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டு நாற்பது பக்கம் மீட்டேன். முதலில் வாசிக்க வந்தது ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் தன் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்த கதை.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்கு என்ன செய்வது என்று நம் காப்பிரைட் திருத்த மசோதாவில் வழி எழுதியிருக்கிறார்கள், நியாயமான பயன்பாட்டுக்கு அனுமதி கேட்க வேண்டாம் என்ற அமெரிக்க மாதிரிக் கதவும் அதில் உண்டு. இப்போதைய சட்டத்தில் விமர்சனம், செய்தி என்று எண்ணி வைத்த சில காரணங்கள்தான். கூகுள் ஆண்ட்ராய்டுக்காக ஜாவா என்ற நிரல்மொழியின் சுமார் 11,500 வரிகளை எடுத்ததற்கு ஆரக்கிள் போட்ட வழக்கு 2010இலிருந்து 2021 வரை நடந்து, அந்தக் கதவு வழியாகத்தான் கூகுள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 2 என்று வெளியே வந்தது. இங்கே நடந்திருந்தால் கதவே இல்லை. மசோதா 2017இல் வந்தது, 2019இல் நிறைவேறியது, 2020இல் ஜனாதிபதி திருப்பி அனுப்பினார், 2024இல் மறுபடி நிறைவேறியது, அந்த அக்டோபரில் அவர் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இதற்கிடையில் பார்வையற்றோர் அமைப்பான பிளைண்ட் எஸ்ஏ, புத்தகத்தைப் பிரெய்லில் மாற்றக்கூட அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது என்று வழக்குப் போட்டு 2022 செப்டம்பரில் அந்த ஒரு ஜன்னலை நீதிமன்றத்திலேயே திறந்துகொண்டது.

கடைசியாக, நீயும் பேட்டன்ட் எடுக்கலாமா? எடுக்கலாம், யாரும் பரிசோதிக்காமல் கொடுத்தாலும் கொடுப்பார்கள். சுவரில் மாட்டினால் உன் அம்மா சந்தோஷப்படுவார். வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. ஆப் ஏற்கெனவே வெளியாகிவிட்டதால் உன் சொந்த ஆப்பே உன் புதுமையைக் கெடுத்திருக்கும். போனில் காசில்லாதவர் "என்னைக் கூப்பிடு" என்று இலவசமாகச் செய்தி அனுப்பும் "ப்ளீஸ் கால் மீ" யோசனையைச் சொன்ன என்கோசனா மக்காட்டேயைப் பார். 2000இல் வோடகாம் டெலிபோன் கம்பெனியில் பயிற்சிக் கணக்காளர், பேட்டன்டும் இல்லை, காப்பிரைட்டும் இல்லை. மேலதிகாரி பங்கு தருவதாகச் சொன்ன வாய்ச் சொல்லை வைத்துத்தான் 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஜெயித்தார், அதற்குப் பிறகும் தொகை எவ்வளவு என்று வருடக்கணக்கில் இழுத்தது. பேட்டன்டுக்கு வைத்த காசில் நண்பனோடு ஒரு ஒப்பந்தம் எழுது, ஆப்பின் பெயரை வணிகக் குறியாகப் பதி.

சனிக்கிழமை மதியம் நான் கடையில் இருப்பேன். வக்கீல் கடிதத்தின் அசல், அது வந்த உறை, நண்பனோடு பேசிய வாட்ஸாப் முழுவதும், அந்த நான்கு பதிவின் அட்டைப் படம், இவற்றைக் கொண்டு வா. பேட்டன்ட் எண்ணைப் பதிவேட்டில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தே தேடலாம். அப்புறம் வேண்டுமானால் எனக்குத் தெரிந்த ஒரு பேட்டன்ட் வக்கீலிடம் அழைத்துப் போகிறேன், முதல் அரை மணி நேரத்துக்கு அவர் காசு வாங்கமாட்டார். முடிந்தால் அந்த நண்பனையும் கூட்டிக்கொண்டு வா, மூன்று பேருக்கும் சாப்பாடு என் செலவு.